காய்ந்த இடம்

தெருவில் எனக்குச் சோப்பம்மா என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள், நான் அதைப் பட்டம்போல வாங்கி வைத்துக்கொண்டேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, என் நான்கு மாடுகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டாமல் நான் மடியில் கை வைத்ததில்லை. பால் ஊற்றும் இடத்தில் மற்றவர்களின் கேனையெல்லாம் திறந்து முகர்ந்து பார்ப்பவர், என் கேன் வந்தால் மட்டும், "சோப்பம்மா வீட்டுப் பாலா? ஊத்துங்க, ஊத்துங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே இடுப்பு ஒடியத் தேய்த்தேன் என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

என் மாட்டுக்கொட்டகைக்கும் என் ஓரகத்தியின் கொட்டகைக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அவள் என் கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. அவன் போன மறுமாதம் அவள் எங்கிருந்தோ ஒரு கிடாரிக்கன்றை ஓட்டிக்கொண்டு வந்து அந்தக் கொட்டகையில் கட்டினாள். சாம்பல் நிறம், அதனால் சாம்பலி. பகலெல்லாம் தையல் மிஷினில் குனிந்து உட்கார்ந்து அவளுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். "இவ ஒரு ஈத்து ஈனட்டும் அக்கா. மிஷினைத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டு நானும் உங்கள மாதிரி கேனைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கறேன்" என்பாள். அவளிடம் மிச்சமிருந்த நம்பிக்கை முழுவதும் நான்கு கால்களில் அந்தக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. சாம்பலிக்குத் தலையீற்று. ஏழு மாதம் முடிந்திருந்தது.

ஆனால் அவள் மாட்டைக் குளிப்பாட்ட மாட்டாள். அதுதான் எனக்கும் அவளுக்கும் ஆகாத விஷயம். காய்ந்த வைக்கோலைச் சுருட்டி மேலெல்லாம் துடைத்துவிடுவாள், தரையில் மரத்தூளைத் தூவுவாள், அத்தோடு சரி. மாட்டின் முதுகில் எப்போதும் ஒரு புழுதிப் படலம் இருக்கும். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "உன் மாட்டு முதுகுல வெள்ளரி விதைச்சா முளைக்கும்டி" என்று கத்துவேன். "முளைச்சா உங்களுக்கும் ரெண்டு காய் தரேன் அக்கா" என்பாள். அவளைக் கோபப்படுத்தவே முடியாது. என் கோபத்தில் பாதி அதனால்தான்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. என் மாடுகளில் கடைசியில் நிற்பவள் வெள்ளைக்காலி. ஒருநாள் அவள் முதுகைத் தேய்க்கும்போது பிரஷில் என்னவோ தட்டுப்பட்டது. அரிசி அரிசியாக முடிச்சுகள். நாலைந்து முடி சேர்ந்து ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோன பெயின்ட் பிரஷ் மாதிரி விறைத்து நின்றன. சேறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நகத்தால் ஒன்றைக் கிள்ளினேன். முடியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அடியில் தோல் சிவந்து கசிந்தது. எனக்கு அருவருப்புத்தான் வந்ததே ஒழிய பயம் வரவில்லை. என் மாட்டின்மேல் அழுக்கா? இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைக்காலி வலியில் உதைக்கப் பார்த்தாள். "சும்மா நில்லுடி" என்று ஒரு தட்டுத் தட்டினேன். அதே பிரஷ், அதே வாளித் தண்ணீர். அடுத்த மாட்டுக்குப் போனேன்.

அந்த வாரம்தான் ஓரகத்தியின் மகளுக்குப் பிரசவமாகி, அவள் சம்பந்தி வீட்டுக்குப் பத்து நாள் போக வேண்டியிருந்தது. பையும் கையுமாக வந்து நின்றாள்.

"தண்ணி காட்டுங்க, வைக்கோல் போடுங்க, அது போதும் அக்கா. குளிப்பாட்டிடாதீங்க. அவளுக்குப் பழக்கமில்ல."

"நீ மொதல்ல கிளம்பு. உன் மாட்டை நான் கடிச்சுத் தின்னுட மாட்டேன்."

இரண்டு நாள் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் அந்தப் புழுதி முதுகைப் பார்க்கப் பார்க்க என் கை பரபரத்தது. இவள் வந்து பார்க்கும்போது முகத்தில் ஈ ஆடக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. வெள்ளைக்காலியைக் கழுவி முடித்த கையோடு வாளியையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டினேன். அரை மணி நேரம் தேய்த்தேன். சாம்பலி உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணை உருட்டி உருட்டி என்னைப் பார்த்தாள். கழுவி முடித்தபோது வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னினாள். மழையில் வெயில் ஏது, ஈரத்தோடுதான் விட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் குளிப்பாட்டினேன். அதற்கடுத்த நாளும்.

ஓரகத்தி திரும்பி வந்து பார்த்தவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். "என்ன அக்கா, என் பொண்ணைக் கல்யாணப் பொண்ணா ஆக்கிட்டீங்க?" என்றாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

நான்கே நாளில் சாம்பலியின் முதுகில் முடிச்சுகள் கிளம்பின. என் மாடுகளிலும் ஒன்று பாக்கியில்லை. ஆனால் என்னுடையவை தீனி தின்று கொழுத்த உருப்படிகள். முதுகில் ஒரு கைப்பிடி, கழுத்தில் ஒரு கைப்பிடி என்ற அளவோடு நின்றது. சாம்பலிக்குச் சினை வயிறு, முதல் சினை வேறு. அவள் கொட்டகைக் கூரையோ மூன்று இடத்தில் ஒழுகியது. தினமும் ஓர் அங்குலம் என்று பொருக்கு பரவியது. முதுகு, விலா, தொடை, பிறகு காது. பொருக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து மரப்பட்டை மாதிரி ஆகி, அவள் அசைந்தால் வெடித்து, வெடித்த இடத்தில் சீழ் கட்டியது.

மாடுகளுக்குப் பொருக்கு என்று பேச்சு பரவி, பால் ஊற்றும் இடத்தில் என் கேனைத் திருப்பி அனுப்பினார்கள். வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: "உங்க வீட்டு மாட்டுக்கேவா? சோப்பம்மா வீட்டுக்கேவா? எங்கேர்ந்து வந்துச்சு?"

எனக்குக் காது மடல்வரை சூடேறியது. வெள்ளைக்காலியின் முதுகில் முதலில் பார்த்தது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வாய் அதற்குள் முந்திக்கொண்டது. "என் ஓரகத்தி வெளியூர் போய்ட்டு வந்தா. அங்க ஆட்டுக்கெல்லாம் இருந்துச்சாம். கொண்டாந்து விட்டுட்டா, என்ன பண்றது" என்றேன்.

சம்பந்தி வீட்டில் ஆடுகள் உண்டு என்பது உண்மை. அவற்றில் ஒன்றிரண்டின் வாயோரத்தில் பொருக்கு இருந்ததாக அவளே என்னிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அந்த ஒரு துணுக்கை வைத்து நான் பொய்யை முழுசாகத் தைத்துவிட்டேன். தையல்காரி அவள், தைத்தது நான்.

பேச்சு அன்றைக்கே அவள் காதுக்குப் போய்விட்டது. மாலையில் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் வந்த வேகத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் அக்கா கொண்டாந்தேன். அந்த ஆட்டுக்குட்டிங்களை மடியில போட்டுத் தடவினேன். கைகூடச் சரியா கழுவாம வந்து இவளைத் தொட்டேன். என்னால உங்க மாட்டுக்கும் வந்துடுச்சு. மன்னிச்சிடுங்க அக்கா."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரிதான். "சரி விடு, எழுந்திரு" என்றேன். நினைத்துப் பாருங்கள், மன்னித்தேன்!

அன்றிலிருந்து அவள் தன் கையைத் தானே வெறுக்க ஆரம்பித்தாள். மகள் தினமும் போன் செய்வாள். குழந்தை அழுகிறது, அம்மா, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்பாள். இவள், "என் கையில என்ன ஒட்டிக்கிட்டிருக்கோ, பச்சைக் குழந்தை, நான் வரமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள். வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

மாட்டு டாக்டரை அழைத்து வந்தது அவள்தான். நான் அழைக்கவில்லை, சோப்பம்மா வீட்டு வாசலில் மாட்டு டாக்டர் நிற்பதைத் தெருவே பார்க்குமே என்ற மானப் பிரச்சினை எனக்கு. டாக்டரம்மா மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சின்ன வயசுதான். சிரிக்கிற முகமில்லை. சாம்பலியின் முதுகைக் கழுத்திலிருந்து வால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு ஊசி போட்டாள், மருந்துப் புட்டிகளை எடுத்து வைத்தாள்.

"ஊசி மட்டும் பத்தாது. இந்தக் கிருமி ஈரத்துலதான் உயிர் வாழும். தண்ணியில நீந்திப் போய்த் தோலுக்குள்ள இறங்கும். மருந்துத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு பொருக்கு மேல வைங்க. ஊறினதும் மெதுவா எடுங்க, எடுத்ததை எரிச்சிடுங்க. உடனே காய்ஞ்ச துணியால ஒத்துங்க. அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி மேல விழக்கூடாது. காய்ஞ்ச இடம் இருக்கா?"

ஓரகத்தி தன் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று ஓட்டைகளிலும் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த இடத்துல இருந்தா தேறாது. வயித்துல இருக்கறதும் தேறாது" என்றாள் டாக்டரம்மா. பூசி மெழுகத் தெரியாதவள்.

பிறகு என் பக்கம் வந்தாள். வெள்ளைக்காலியின் முதுகை விரலால் விலக்கிப் பார்த்தாள். ஒரு பொருக்கைத் தூக்கி அடியில் பார்த்தாள். இன்னொன்றைத் தூக்கினாள். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த வாளியையும் அதன்மேல் இருந்த நீல பிரஷையும் பார்த்தாள். பிரஷைக் கையில் எடுத்துத் திருப்பினாள். பற்களுக்கு நடுவே வெள்ளை முடியும் சாம்பல் முடியும் பின்னிக்கொண்டிருந்தன.

"அந்த மாட்டையும் இதாலதான் தேய்ச்சீங்களா?"

நான் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"இங்க பொருக்குக்கு அடியில புது முடி முளைச்சிருக்கு. இது மூணு வாரத்துக்கு முந்தினது. அவங்க மாட்டுல இருக்கறது அதுக்கப்புறம் வந்தது. அங்கேர்ந்து இங்க வரலம்மா. இங்கேர்ந்து அங்க போயிருக்கு." பிரஷைக் கீழே வைத்தாள். "இதை எரிச்சிடுங்க. அவங்க தன்னாலதான்னு அழுதுகிட்டிருக்காங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிடறேன்."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள். நான் பிரஷை எடுத்துக்கொண்டு எரிக்கப் போனேன். விறகு நனைந்திருந்தது, காகிதம் நமுத்திருந்தது, தீக்குச்சி சீறிச் சீறி அணைந்தது. கடைசியில் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகிவிட்டேன். எரிய மாட்டேன் என்று அது அடம்பிடித்தது எனக்குச் சாக்காகவும் இருந்தது.

சொல்ல முடியவில்லை. ஆகவே வேறொன்று செய்தேன். என் வீட்டு முன்னறையில் இருந்த சோபாவை நானே இழுத்துக்கொண்டுபோய் வாசலில் போட்டேன். டிவி மேஜை, ஷோகேஸ், பூ ஜாடி, எல்லாம் உள்ளறைக்குப் போயின. தரையில் சாக்கு விரித்து, அதன்மேல் வைக்கோல் பரப்பி, மரத்தூள் தூவினேன். நாளுக்கு மூன்று தடவை துடைக்கிற தரை. செருப்புக்காலோடு யாராவது வந்தால் நான் பத்ரகாளியாகிற தரை. அதில் சாம்பலியை ஓட்டிக்கொண்டு வந்து கட்டினேன். ஜன்னல் கம்பியில் கயிறு, தலைக்கு மேலே மின்விசிறி.

டயர் கடையிலிருந்து சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் வாசலில் மழையில் நனைகிற சோபாவைப் பார்த்தார். உள்ளே எட்டி மாட்டைப் பார்த்தார். "அப்ப என்னை எங்கம்மா கட்டப்போற?" என்றார்.

"சிரிக்காதீங்க. எனக்கு எரியுது."

"நான் எங்க சிரிச்சேன்? இனிமே ரிமோட்டுக்குச் சண்டை போட ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதானே." ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து சோபாமேல் போட்டுக் கட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

ஒன்பது நாள். நானும் ஓரகத்தியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பொருக்கு எடுத்தோம். துணியை நனைத்துப் பிழிந்து வைப்பாள் அவள். ஊறியதும் நான் எடுப்பேன். எடுத்த இடத்தில் தோல் உரித்த பழம்போல இருக்கும். சாம்பலி முனகுவாள், உதைக்க மாட்டாள். அதற்குக்கூடத் தெம்பில்லை. உலர்ந்த துணி கிடைக்காமல், வீட்டிலிருந்த பழைய புடவைகள், வேட்டிகள், கடைசியில் பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல புடவைகள் எல்லாவற்றையும் கிழித்தேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் துணியைத் தேய்த்து, வெதுவெதுப்பாக அவள் முதுகில் ஒற்றினேன். வாழ்நாளெல்லாம் தண்ணீரை ஊற்றிய கை, ஒரு துளி ஈரத்தைக் கண்டால் பதறியது.

நடுவில் இரண்டு நாள் தேறுவது மாதிரி இருந்தது. முதுகில் ஒரு இடம் காய்ந்து, கை அகலத்துக்குப் பூனைமுடிபோல ஒன்று முளைத்தது. ஓரகத்தி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவள் மகளிடம் போனில் பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா மட்டும் இல்லன்னா இவ என்னிக்கோ போயிருப்பாடி. வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்காங்க. அக்கா தன் புடவையக் கிழிச்சுத் துடைக்கறாங்க. நான் நோயைக் கொண்டாந்து விட்டேன், அக்கா ஒரு வார்த்தை சொல்லல. அக்கா கால்ல விழுந்து கும்பிடணும்டி நீயும்."

தெருவெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பால் ஊற்றும் இடத்துக்காரரே ஒருநாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்து, "இந்தக் காலத்துல யாரும்மா ஓரகத்திக்கு இப்படிச் செய்வாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம், மாடு எழுந்து நின்று தீனி தின்னட்டும், அப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். நன்றாகிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது நாள் சாம்பலிக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டரம்மா வந்து இன்னொரு ஊசி போட்டாள். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றாள். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்பதாவது நாள் காலையில் சாம்பலி முன்னங்காலை மடித்துப் படுத்தாள். அதன்பிறகு எழவில்லை. பத்து மணி வாக்கில் வலி எடுத்தது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது.

முக்குவதற்கு அவளுக்குத் தெம்பில்லை. கன்றின் முன்னங்கால்கள் தெரிந்ததும் என் வீட்டுக்காரரும் நானும் துணியைச் சுற்றிப் பிடித்து, அவள் முக்கும் போதெல்லாம் இழுத்தோம். ஓரகத்தி சாம்பலியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு தடவைடி, என் தாயே, ஒரே ஒரு தடவை" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கிடாரி. சாம்பல் நிறம். பூனைக்குட்டி மாதிரி இருந்தது, ஆனால் மூச்சிருந்தது. சாம்பலி கழுத்தைத் திருப்பி முகர்ந்தாள். நக்கவிடாமல் நான் கன்றை இழுத்துக்கொண்டேன்; தாய்மேல் படக் கூடாது, ஈரம் கூடாது என்று டாக்டரம்மா ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். சுத்தமான துணியால் மடியைத் துடைத்து, கிடைத்த இரண்டு கை சீம்பாலைக் கறந்து கன்றுக்குப் புகட்டினேன். அந்த மடியில் முதலில் கறந்த கை என்னுடையது. கடைசியாகக் கறந்ததும் அதுதான்.

மதியத்துக்குள் சாம்பலி போய்விட்டாள். மின்விசிறி அவள்மேல் சுற்றிக்கொண்டே இருந்தது.

குழி தோண்ட ஆள் பார்க்கவும் வண்டி சொல்லவும் என் வீட்டுக்காரர் கிளம்பினார். நான் சாம்பலிமேல் ஒரு போர்வையைப் போட்டேன். ஓரகத்தி கன்றை உள்ளறையிலிருந்து எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, போர்வைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. போன் அடித்தது. மகள்.

"போய்ட்டாடி" என்றாள். அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். "இல்ல, நான் வரல. இனிமே என்னை அங்க கூப்பிடாத. என் கை அப்படி. தொட்டதெல்லாம் போவுது. உங்கப்பா போனாரு, இப்ப இவ போனா. குழந்தையை நான் தொடவே மாட்டேன். அது வளர்ந்து பெரிசானப்புறம் தூரத்துலேர்ந்து பாத்துக்கறேன்."

எழுந்து கொல்லைக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னாலிருந்து பிரஷை உருவி எடுத்து வந்து அவள் முன்னால் தரையில் போட்டேன்.

"உன் கை இல்லடி. என் கை."

அவளுக்குப் புரியவில்லை. போனை அணைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே வெள்ளைக்காலிக்கு இருந்துச்சு. அவளைத் தேய்ச்ச பிரஷால இவளைத் தேய்ச்சேன். மூணு நாள் தேய்ச்சேன். நீ வேணாம்னு சொல்லியும் தேய்ச்சேன். ஆட்டுலேர்ந்து வரல. உன்னால வரல. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

அவள் பிரஷை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மங்கிய கண்ணல்லவா, மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துத்தான் பார்க்க முடியும். சாம்பல் முடி ஒன்றை இரண்டு விரலால் உருவினாள்.

"குளிப்பாட்டறப்பவே தெரியுமா?"

"பொருக்கு இருந்தது தெரியும். நோய்னு சத்தியமா தெரியாது."

"டாக்டரம்மா எப்ப சொன்னாங்க?"

"மொத நாள். முதல் ஊசி போட்ட அன்னிக்கு."

அவள் உதடு அசைந்தது. மனசுக்குள் நாள் எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"ஒன்பது நாள்" என்றாள். "ஒன்பது நாளும் என்னைக் கும்பிட விட்டிருக்கீங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. மயிரைப் பிடித்து ஆய்ந்திருந்தால் குனிந்து கொடுத்திருப்பேன். அவள் கன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நேரே வாசலுக்குப் போனாள். வெளியே மழை ஓட்டுச்சரிவிலிருந்து திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நனையுதுடி! உன் கூரை ஒழுகும்டி! என்னை என்ன வேணா பண்ணு, அதை ஈரத்துல கொண்டுபோகாத. நனைஞ்சா அதுவும் போயிடும்."

அவள் நின்றாள். வெளியே வைத்த காலில் தண்ணீர் ஓடியது. கன்று அவள் கையிடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சப்புக்கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் கொட்டகையைப் பார்த்தாள், கன்றைப் பார்த்தாள். அந்தத் தெருவில் அவளுக்குக் காய்ந்த இடம் என் வீட்டைத் தவிர வேறில்லை. காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். ஒரு துணியை எடுத்துத் தன் காலை நன்றாகத் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க வெளிய போங்க."

என் வீடு. என் வாசல். நான் போனேன். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது.

தார்ப்பாயைத் தூக்கி சோபாவில் உட்கார்ந்தேன். பஞ்சு முழுக்கத் தண்ணீர். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. வண்டி சொல்லிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், தொப்பலாக நனைந்துபோய் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "ஏம்மா இங்க உக்காந்திருக்க?" என்றார்.

"உள்ள விட மாட்டேங்கறா."

"யாரு?"

"வீட்டுக்காரி."

அவர் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சோபாவிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பால் ஊற்றும் இடத்தில் சொன்ன பொய்யையும் சொன்னேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் ஒரு கிண்டல்கூட இல்லை. "வண்டி ஒரு மணி நேரத்துல வந்துடும்" என்றார். "அதுக்குள்ள நீ போய் மாட்டைக் கற. கன்னுக்குப் பால் வேணும்ல. நம்ம மாட்டுல முட்டுக்காரிக்குப் பொருக்கெல்லாம் காய்ஞ்சுபோச்சு, அவ மடி சுத்தமாத்தான் இருக்கு. கறந்து வாசப்படியில வச்சுடு. எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் அவ இஷ்டம்."

நான் கொட்டகைக்குப் போய், கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, குளிப்பாட்டாமல் கறந்தேன். சொம்பை ஒரு தட்டால் மூடிப் படியில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு கை அகலம் திறந்தது. சொம்பு உள்ளே போனது. கதவு மூடியது. கன்று குடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

பிறகு அவள் குரல் கேட்டது. மகளிடம் பேசுகிறாள்.

"நான்தான்டி. அழாத. இல்ல, வரேன். இது காலூன்றி நிக்கட்டும், அடுத்த வாரமே வரேன். ஆமா, தூக்கத்தான் வரேன். குளிப்பாட்டி, துவட்டி, மடியில போட்டுக்கறேன். என் கையில ஒண்ணும் இல்லடி. ஒண்ணுமே இல்லையாம்."

அங்கேதான் அவள் உடைந்து அழுதாள். பேச்சும் அழுகையுமாக வெகு நேரம் போயிற்று. நான் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். சாம்பலியைப் பற்றிச் சொன்னாள், கன்றைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிச் சொன்னாள். அக்கா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.